எல்லா வேக்சினும் போட்டும் வெள்ளக்கழிச்சல் வந்துச்சு, ஏன்னு தேடிப்போன அனுபவம்

வாழப்பாடி பக்கம் நாட்டுக்கோழி வளக்கறவங்க யார்கிட்ட பேச்சு குடுத்தாலும் கடைசில இந்த புலம்பல்ல வந்துதான் நிக்கும், "எல்லா வேக்சினும் போட்டோம்ங்க, இருந்தும் சீக்கு வந்து வாரிட்டு போயிருச்சு, மருந்து டூப்ளிகேட்டுங்க". போன வருசம் நம்ம பண்ணையிலயும் அதேதான் ஆச்சு. சரி போனது போகட்டும்னு அடுத்த குஞ்சு இறக்கறதுக்கு முன்னாடி ஏன் ஆச்சுன்னு பாத்துருவோம்னு செத்த கோழியை அறுத்து பாத்து, ரத்தம் எடுத்து டெஸ்ட் குடுத்து, ஒவ்வொண்ணா விசாரிச்சுட்டு போனோம். கடைசில கிடைச்ச பதில் வெள்ளக்கழிச்சல் (ராணிக்கெட்னு சொல்றதும் இதேதான்) வேக்சினை பத்தியே இல்ல, வேற ஒரு நோயை பத்தி. அதனாலதான் விலாவாரியா எழுதறேன்.

சிறுவிடை கிராஸ் பேட்ச். முதல் வாரம் எஃப் ஒன் கண்ணுல சொட்டு, ரெண்டாவது வாரம் கம்போரோ, நாலாவது வாரம் லசோட்டா, எட்டாவது வாரம் ஆர்டூபி ஊசி, அட்டவணைல இருக்கற எல்லாம் போட்டாச்சு. இதுல எஃப் ஒன், லசோட்டா, ஆர்டூபி மூணும் வெள்ளக்கழிச்சலுக்கு, கம்போரோ மட்டும் வேற ஒரு நோய்க்கு. ஆர்டூபி போட்டு ரெண்டு வாரம் தாண்டின பிறகு ஒரு நாள் காலைல தீவனம் அப்படியே கிடக்குது, கோழி றெக்கையை தொங்க போட்டு மூலைல நிக்குது, பச்சையும் வெள்ளையுமா கழிச்சல், ரெண்டொண்ணு கழுத்தை முறுக்கிகிட்டு வட்டம் சுத்துது. கழுத்து முறுக்கினாலே நம்ம ஊர்ல சின்ன பசங்களுக்கு கூட தெரியும் என்ன சீக்குன்னு.

மாமனாரு நேரா மருந்து கடைக்காரர்கிட்ட சண்டைக்கு கிளம்பிட்டாரு. அவரை நிறுத்தி வெச்சுட்டு காலி பாட்டிலோட பேட்ச் நம்பரை எடுத்து, அதே பேட்ச் வேற யாரு வாங்கினாங்கன்னு கேட்டோம், பேளூர் பக்கம் ஒருத்தரு அதே வாரம் அதே மருந்தை போட்டிருக்காரு, அவர் கோழி எல்லாம் கின்னுன்னு இருக்குது. அப்போ மருந்து டூப்ளிகேட்டும் இல்ல, கடை பிரிட்ஜும் கெட்டுப்போகல. அடுத்து ஊசி போடற டீமை எல்லாரும் திட்ட ஆரம்பிச்சாங்க, பாவம் அவங்க ஐஸ் டப்பாவுல வெச்சுதான் போட்டாங்க, கரைச்ச மருந்தை ரெண்டு மணி நேரத்துக்குள்ள முடிச்சாங்க, அது நான் கூடவே நின்னு பாத்தது.

அரசு கால்நடை மருந்தகத்துல டாக்டர் பாத்துட்டு, இது நாமக்கல் வெட்னரி காலேஜ் போனாதான் முழுசா தெரியும்னாரு. (நாமக்கல் 1997 வரைக்கும் நம்ம சேலம் மாவட்டம்தானே, கோழின்னா இன்னும் அங்கதான் ஓடறோம்.) அவர் சொன்னதுல முக்கியமானது, முந்தின நாள் செத்த கோழியை தூக்கிட்டு போகாதீங்க, சேலம் வெயிலுக்கு உள்ள எல்லாம் அழுகி ஒண்ணும் தெரியாது, அப்போதான் செத்தது ரெண்டு, சாகற நிலைமைல உயிரோட ரெண்டு கொண்டு போங்க, செத்ததை ஐஸ் மேல வைங்க, பிரீசர்ல போடாதீங்கன்னாரு. இன்னொண்ணும் சொன்னாரு, ரோட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கற ரெண்டாவது செட்ல (கொட்டகைல) அதே குஞ்சுதானே, அதுல இன்னும் சீக்கு வரலதானே, ரத்தம் அதுலதான் எடுக்கணும், இந்த செட்ல இல்ல. ஏன்னு கேட்டா, நோய் வந்து தப்பிச்ச கோழிக்கு நோயே ஆன்டிபாடியை (ரத்தத்துல நோயை எதிர்க்கற புரதத்தை) ஏத்தி விட்டுரும், அப்புறம் அது வேக்சின் குடுத்ததா நோய் குடுத்ததான்னு சாதா டெஸ்ட்ல பிரிக்க முடியாது. இது தெரியாம நோய் வந்த செட்ல ரத்தம் எடுத்து, டைட்டர், அதாவது ஆன்டிபாடி அளவு, சூப்பரா இருக்குன்னு ரிப்போர்ட் வாங்கிட்டு வந்தவங்களை எனக்கே தெரியும்.

காலேஜ்ல அறுத்து பாத்தப்போ இரைப்பைல, அதாவது தீனியை அரைக்கற அரைவைப்பைக்கு முன்னாடி இருக்கற சுரப்பி இரைப்பைல, சின்ன சின்ன ரத்தப் புள்ளி, குடல்வால் ஆரம்பிக்கற இடத்துல ரத்தக்கசிவு, ராணிக்கெட்டேதான், அதுல சந்தேகம் இல்ல. ஆனா அங்க இருந்த டாக்டர் அதோட கத்தியை கீழ வைக்கல. ஆசனவாய்க்கு மேல பர்சான்னு ஒரு உறுப்பு இருக்கும், அதை எடுத்து மண்ணீரல் பக்கத்துல வெச்சு காட்டினாரு. பத்து வார கோழிக்கு பர்சா மண்ணீரலை விட பெருசா இருக்கணுமாம். எங்க கோழிக்கு பட்டாணி அளவுல சுருங்கி கிடந்துச்சு. "உங்க கோழிக்கு வேக்சின் போட்டாங்க, ஆனா வாங்கிக்கறதுக்கு உள்ள ஆள் இல்லை"ன்னாரு.

கோழிக்கு ஆன்டிபாடி செய்யற பி செல் எல்லாம் படிச்சு தேறி வெளிய வர்றது அந்த பர்சாவுலதான். கம்போரோ வைரஸ் போய் உக்காந்து அழிக்கறதும் அதையேதான். அமெரிக்காவுல டெலவேர் மாநிலத்துல கம்போரோங்கற ஊர் பக்கம் முதல்ல பாத்ததால 1962-ல இருந்து அந்த பேர். மூணுல இருந்து ஆறு வார வயசுல வந்தா கோழி சாகும், தொடைச்சதைல ரத்தக்கட்டு இருக்கும், நம்மளும் ஓடிப்போய் பாப்போம். மூணு வாரத்துக்குள்ள வந்தா அதுதான் ஆபத்து, பெரிய சாவும் இருக்காது, அறிகுறியும் இருக்காது, குஞ்சு சாதாரணமா மேஞ்சுட்டு இருக்கும், பர்சா மட்டும் உள்ளுக்குள்ள காலி, அதுக்கப்புறம் எந்த வேக்சின் போட்டாலும் பாதி வீண். எங்க ரெஜிஸ்டரை திருப்பி பாத்தா அந்த வாரங்கள்ல எடை கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான் தடயம்.

ரெண்டாவது செட் ரத்தத்துக்கு எச்ஐ டெஸ்ட் போட்டாங்க. இதுல சீரத்தை (ரத்தம் உறைஞ்சதும் மேல தெளிஞ்சு நிக்கற தண்ணியை) பாதி பாதியா நீர்த்துக்கிட்டே போய் எந்த அளவு வரைக்கும் வைரஸை அடக்குதுன்னு பாப்பாங்க, 8, 16, 32ன்னு இரட்டிப்பா நம்பர் வரும். அந்த ரிப்போர்ட்டை யாராச்சும் சராசரி மட்டும் சொல்லி குடுத்தா வாங்காதீங்க, தாளை முழுசா கேளுங்க. எங்களுக்கு சராசரி (இரட்டிப்பு படிகளை வெச்சு எடுக்கறது) 32 வந்துச்சு, கேக்க நல்லாதான் இருக்கு. ஒவ்வொரு கோழியா பாத்தா பாதி 4-லயும் 8-லயும் நிக்குது, மீதி பாதி 128-லயும் 256-லயும் இருக்குது, 32 இருக்கற கோழி ஒண்ணு கூட இல்ல. அந்த கீழ இருக்கற பாதிதான் வைரஸ் உள்ள வந்தா பத்திக்கற பாதி, அது பத்திக்கிச்சுன்னா செட் முழுக்க வைரஸ் கொட்டும், அவ்வளவு வைரஸை தாங்கறது மேல இருக்கற பாதிக்கும் கஷ்டம்.

அப்போ ரெண்டாவது வாரம் போட்ட கம்போரோ வேக்சின் ஏன் வேலை செய்யலன்னுதானே கேப்பீங்க, நாங்களும் அதைத்தான் கேட்டோம். இங்கதான் ஹேச்சரி விசயம் வருது. பெரிய லேயர், பிராய்லர் ஹேச்சரில தாய்க்கோழி எல்லாம் ஒரே பண்ணை, ஒரே வேக்சின். நாட்டுக்கோழி ஹேச்சரி பல பேரு ஊர் ஊரா முட்டை சேகரிச்சுதான் மெசின்ல வைக்கறாங்க, எங்களுக்கு குஞ்சு குடுத்தவரும் அப்படித்தான், பேர் வேண்டாம், கேட்டதுக்கு மறைக்காம சொன்னாரு. தாய்க்கு கம்போரோ ஆன்டிபாடி இருந்தா முட்டை மஞ்சக்கரு வழியா குஞ்சுக்கு வரும். அது இருக்கற வரைக்கும் குஞ்சுக்கு பாதுகாப்பு, ஆனா அதே ஆன்டிபாடி நாம போடற உயிர் வேக்சினையும் நோய்னு நெனச்சு அடிச்சு போட்டுரும். வேக்சின் போடாத தாயோட குஞ்சுக்கு முதல் நாள்ல இருந்தே ஒண்ணும் இருக்காது.

இதை ராணிக்கெட் கணக்குல வெச்சு சொன்னா ஈஸியா புரியும், தாய் ஆன்டிபாடி ஏறக்குறைய 4-5 நாளைக்கு ஒரு தடவை பாதியாகும். ஒரு குஞ்சு 16-லயும் இன்னொரு குஞ்சு 128-லயும் பொறந்துச்சுன்னு வைங்க, 128 இறங்கி 16-க்கு வர மூணு தடவை பாதியாகணும், கிட்டத்தட்ட ரெண்டு வாரம். ஒரே பெட்டில வந்த ரெண்டு குஞ்சுக்கும் வேக்சின் எடுக்கற தேதி ரெண்டு வாரம் தள்ளி தள்ளி. ராணிக்கெட்டுக்கு கண் சொட்டு மருந்து கண்ணுலயும் மூக்குலயும் நேரா வேலை செய்யறதால கொஞ்சம் தப்பிக்கலாம், கம்போரோவுக்கு அந்த வழி கிடையாது, தண்ணில போடற மருந்து குடல் தாண்டி பர்சா வரைக்கும் போகணும். எங்க பேட்ச்ல ஆன்டிபாடி இல்லாத குஞ்சுகளை செட்ல ஏற்கனவே இருந்த வைரஸ் முதல் வாரத்துலயே பிடிச்சுருக்கு, ஆன்டிபாடி அதிகமா இருந்த குஞ்சுகள்ல வேக்சின் வீணா போயிருக்கு, கொஞ்சம் கழிச்சு அதுகளையும் பிடிச்சுருக்கு. நடுவுல இருந்த கொஞ்சம் குஞ்சுக்குத்தான் நம்ம அட்டவணை பொருந்துச்சு.

டாக்டர் மத்த காரணங்களையும் ஒவ்வொண்ணா கேட்டாரு. குடல்புழு மருந்து வேக்சினுக்கு ஒரு வாரம் முன்னாடி குடுத்தாச்சா (குடுத்தாச்சு, புழு நிறைய இருந்தா ராணிக்கெட் வேக்சின் சரியா பிடிக்காது). மக்காச்சோளம் எங்க வாங்கறீங்க, ஆத்தூர் பக்கம் மழைல நனைஞ்சு வந்ததா, பூஞ்சை நஞ்சு அஃப்ளடாக்சின் இருந்தா அதுவும் எதிர்ப்பு சக்தியை தின்னுரும்னு தீவனத்தையும் டெஸ்ட் குடுக்க சொன்னாரு, அது நார்மல். நம்ம வேக்சின் ஸ்டிரெயின் பழசு, இப்போ சுத்தற வைரஸ் வேற மரபு வகை, அதனாலதான் வேலை செய்யலன்னு ஒரு பேச்சு இருக்கேன்னு கேட்டேன். ராணிக்கெட் வைரஸ் எல்லாமே ஒரே சீரோடைப்தான் (ஒண்ணுக்கு வந்த ஆன்டிபாடி மத்ததுக்கும் வேலை செய்யும்), டைட்டர் நல்லா இருந்தா கோழி சாகாது, வைரஸ் வெளிய வர்றதைத்தான் முழுசா தடுக்காதுன்னாரு. அந்த ஸ்டிரெயின் பேச்சை நானும் இப்போ நம்பறதில்ல, பாதி பேருக்கு கை காட்ட வசதியா இருக்குது அவ்வளவுதான்.

ஏற்காட்டுல எங்க சித்தப்பா காப்பி தோட்டத்துல கோழி வெச்சிருக்காரு, அவர் இதை கேட்டுட்டு, எங்க மலைல ஐஸே வேண்டாம்டா, குளுர்தானேன்னாரு. ஏற்காட்டு குளிர் மனுசனுக்குத்தான் குளிர், வேக்சினுக்கு 2-ல இருந்து 8 டிகிரி, அதுவும் அடிவாரத்துல இருந்து இருபது கொண்டை ஊசி ஏறி, பைக் பெட்டில வெயில்ல போறதுக்குள்ளயே பாதி வைரஸ் செத்துரும்னு சொல்லி ஒரு ஐஸ் டப்பா வாங்கி குடுத்துட்டு வந்தேன்.

ரெண்டாவது செட்டை எப்படி காப்பாத்தினோம்னா, எல்லாம் நல்லா இருக்கும்போதே லசோட்டா கண் சொட்டு திரும்ப போட்டோம், காலைல முதல்ல அந்த செட் வேலை முடிச்சுட்டுதான் சீக்கு செட்டுக்கு போறது, செருப்பு தனி, பக்கெட் தனி, செத்ததை ஆழமா குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடினோம். கொஞ்சம் போச்சு, பெரும்பாலும் நின்னுச்சு. சீக்கு வந்த செட்லயே ஊசியை தூக்கிட்டு ஓடறதை மட்டும் செய்ய வேண்டாம்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. நோய் உள்ள வந்து வெளிய தெரியவே வழக்கமா 5-6 நாள் ஆகும், அந்த இடைவெளில இருக்கற கோழிக்கு ஊசி போட்டா வேக்சின் முந்தாது, ஒரே ஊசில கோழிக்கு கோழி நாமளே பரப்பி விடறதுதான் நடக்கும்.

அடுத்த பேட்சுக்கு செட்ல உமி கூளம் முழுசா அள்ளி, தீ அடிச்சு, பார்மலின் அடிச்சு மூணு வாரம் காலியா போட்டோம். கம்போரோ வைரஸுக்கு மேல கொழுப்பு உறை கிடையாது, சோப்பு தண்ணிக்கெல்லாம் மசியாது, செட்ல மாசக்கணக்குல உயிரோட இருக்கும், கூளத்துல ஓடற கருப்பு வண்டு கூட தூக்கிட்டு சுத்தும். ராணிக்கெட் வைரஸ் அவ்வளவு கெட்டி இல்ல. குஞ்சு வேற ஹேச்சரில எடுத்தோம், ஒரே தாய் பண்ணை முட்டையா, தாய்க்கு கம்போரோ ஊசி போட்டதான்னு எழுதி வாங்கிட்டுதான் காசு குடுத்தோம், விலை கொஞ்சம் கூட. இறங்கின முதல் வாரத்துல கொஞ்சம் குஞ்சுல ரத்தம் எடுத்து எலிசா (ஆன்டிபாடி அளவு பாக்கற இன்னொரு டெஸ்ட்) போட்டு, அந்த நம்பரை வெச்சு டாக்டர் கம்போரோ தேதி குறிச்சு குடுத்தாரு, ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா. தண்ணில குடுக்கற அன்னிக்கு, ரெண்டு நாள் முன்னாடியே பிளீச்சிங் பவுடரை நிறுத்திட்டு, லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பெடுத்த பால் பவுடர் கலந்து, கூடவே நீலக்கலர் சாயம். ஒண்ணரை மணி நேரம் தாகமா விட்டு விடியக்காலைல வெச்சோம், முடிஞ்சதும் பிடிச்சு நாக்கை பாத்தா எது குடிச்சுது எது குடிக்கலன்னு நீலம் காட்டிக் குடுக்கும், மெலிஞ்ச குஞ்சுகள் ஒரு மூலைல குடிக்காம நின்னது அப்பதான் தெரிஞ்சுது, அதுகளுக்கு தனியா வெச்சோம்.

ஆர்டூபி முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு திரும்ப எச்ஐ பாத்தோம். பெரும்பாலானது 64, 128, 256-க்குள்ள வந்துருச்சு, ரெண்டு கோழி மட்டும் 16. இந்த டெஸ்ட்டுக்கு ஆகற செலவு பெருசா இல்ல, வேக்சினுக்கு அவ்வளவு காசு போடறவங்க இதை விடறதுதான் எனக்கு புரியல.

ரத்தம் குடுக்க போறவங்களுக்கு ரெண்டு விசயம். றெக்கைல இருக்கற நரம்புல ரெண்டு மில்லி எடுத்து சிரிஞ்சை சாய்ச்சு வெச்சு உறைய விடுங்க, குலுக்காதீங்க, பிரீசர்ல வைக்காதீங்க, ரத்த செல் உடைஞ்சு சீரம் சிவப்பா போனா எச்ஐ சரியா படிக்க வராது. எந்த செட், என்ன வயசு, கடைசி வேக்சின் தேதி மூணையும் ஒட்டி, கிளம்பறதுக்கு முன்னாடி லேபுக்கு போன் பண்ணி கேட்டுட்டு போங்க, தேர்வு, லீவுன்னு இருந்தா அன்னிக்கு வாங்க மாட்டாங்க.