இணைத்தட்டு மின்தேக்கிக்குள் ஓர் அலுமினியப் பலகை

20 செ.மீ. பக்கமுள்ள இரண்டு சதுர அலுமினியத் தட்டுகளை, மூலைகளில் சிறு அக்ரிலிக் துண்டுகளை முட்டுக்கொடுத்து, 10 மி.மீ. இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். முதலில் வாங்கிய 1 மி.மீ. தகடு நடுவில் தொய்ந்து, வைக்கும்போதெல்லாம் வெவ்வேறு அளவு காட்டியதால், 3 மி.மீ. தகட்டுக்கு மாற வேண்டியதாயிற்று. கையை அருகில் கொண்டுபோனாலே, மின்தேக்குத்திறனை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரின் எண் ஆடுகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் ஓரடி விலகி நின்றே குறித்துக்கொண்டேன்.

கணக்குப்படி இந்த அமைப்பின் மின்தேக்குத்திறன், அதாவது மின்னூட்டத்தைச் சேமிக்கும் திறன், 35.4 பிக்கோஃபாரடு (அதன் அலகு). மீட்டர் காட்டியது 42. தட்டுகளின் விளிம்புக்கு வெளியே வளைந்து செல்லும் மின்புலமும், ஓரளவுக்கு அக்ரிலிக் துண்டுகளும் இந்த மிகுதிக்குக் காரணம்.

அடுத்து, அதே பரப்புள்ள 6 மி.மீ. தடிமனான அலுமினியப் பலகையை, மேலும் கீழும் 2 மி.மீ. இடைவெளி இருக்கும்படி நடுவில் வைத்தேன். உலோகத்தின் கட்டுறா எலக்ட்ரான்கள் நகர்ந்து இரு முகங்களிலும் மின்னூட்டத்தைத் தூண்டி, உள்ளே மின்புலத்தைச் சுழியாக்கிவிடுகின்றன. எனவே மின்னழுத்த வேறுபாட்டைத் தாங்குவது மிஞ்சியிருக்கும் 4 மி.மீ. காற்று மட்டுமே. கணக்கில் 88.5, மீட்டரில் 95. இரண்டரை மடங்காக வேண்டியது 2.26 மடங்கே ஆனது முதலில் உறுத்தியது. ஆனால் இரு அளவுகளிலிருந்தும் மிகுதியாக உள்ள ஏறத்தாழ 6.5 பிக்கோஃபாரடைக் கழித்துப் பார்த்தால் விகிதம் சரியாகவே அமைகிறது. ஒப்புநோக்க, அதே தடிமனுள்ள அக்ரிலிக் பலகையை வைத்தபோது 65தான் கிடைத்தது.

பலகை எந்த உயரத்தில் இருந்தாலும் விடை மாறக்கூடாது என்பதைச் சோதிக்க, கீழே 1 மி.மீ., மேலே 3 மி.மீ. துண்டுகளை வைத்தேன். 354, 118 என்ற இரு மின்தேக்கிகள் தொடரிணைப்பில் சேர்ந்தாலும் அதே 88.5தான் வரும், மீட்டரும் 95ஐ ஒட்டியே நின்றது. பலகையைக் கீழ்த் தட்டின்மேலேயே படுக்கவைத்தபோதும் பெரிய மாற்றமில்லை. அப்போது தட்டே 6 மி.மீ. தடித்துவிட்டதாகக் கொள்ளலாம்.

1 மி.மீ., 3 மி.மீ. துண்டுகளை வைத்த சோதனையைத் திரும்பச் செய்தபோது மீட்டர் 104 காட்டியது. இணைப்பு தளர்ந்திருக்கும் என்று நினைத்து அரைமணி நேரம் கம்பிகளையே கிண்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு பக்கத்தில் மட்டும் துண்டுகளை மேல்கீழாக மாற்றி வைத்திருந்ததால், பலகை சாய்ந்து, ஓர் ஓரத்தில் 1 மி.மீ. ஆகவும் எதிர் ஓரத்தில் 3 மி.மீ. ஆகவும் கீழ் இடைவெளி அமைந்துவிட்டது. எங்கு பார்த்தாலும் மேல், கீழ் இடைவெளிகளின் கூட்டுத்தொகை 4 மி.மீ.தானே, பிறகு ஏன் கூடுகிறது என்று குழம்பினேன். பலகை முழுவதும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால், அதைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிட முடியாது. கீழ் இடைவெளி முழுவதையும் ஒரு மின்தேக்கியாகவும் மேல் இடைவெளியை இன்னொன்றாகவும் கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் குறுகிய ஓரம் கூட்டுவது, அகன்ற ஓரம் குறைப்பதைவிட அதிகம். அவ்வாறு கணக்கிட்டால் 97 வருகிறது, விளிம்பின் 6.5ஐச் சேர்த்தால் 103.5.