மாமாவின் அல்புமினும் ஆய்வுகூடத்துக் கொம்பியூட்டரும்

மாமாவுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய். சி.ரி. ஸ்கானும் பயொப்சியும் பெரிய சிரமமின்றி முடிந்தன. வாகரையிலிருந்து மட்டக்களப்பு நகருக்கு எங்களை வீணாக அலையவிட்டது சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

நோய் எப்படிப் போகும், உடல் சிகிச்சையை எவ்வளவு தாங்கும் என்பதை மதிப்பிட, நோயின் நிலையோடு இரத்தத்திலுள்ள சில எண்களையும் பார்ப்பதாக டொக்டர் கூறினார். வெள்ளணு வகைகளான நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டில் முன்னதைப் பின்னதால் வகுத்து வரும் விகிதம் ஒன்று. அது உயர்ந்திருந்தால் நல்லதல்ல. மற்றது, 1984இல் ஒனொடெரா என்னும் ஜப்பானிய மருத்துவர் வகுத்த ஊட்டச்சத்துச் சுட்டெண்: ஈரல் ஆக்கும் இரத்தப் புரதமான அல்புமினை டெசிலீற்றருக்கு இத்தனை கிராம் என்று எடுத்துப் பத்தால் பெருக்கி, கன மில்லிமீற்றரிலுள்ள லிம்போசைட் எண்ணிக்கையின் 0.005 மடங்கை அதனுடன் கூட்ட வேண்டும். இது குறைந்திருந்தால்தான் கவலை.

தனியார் ஆய்வுகூடமொன்றில் கொடுத்த முதல் அறிக்கையில் வெள்ளணுக்களின் மொத்தம் மட்டுமே இருந்தது. வகைவாரிப் பிரிப்பு இருந்த பக்கத்தை அச்சிடவேயில்லை. அதை வாங்கிப் பார்த்தால் அல்புமின் 34 என்றும், அருகில் டெசிலீற்றருக்குக் கிராம் என்றும் இருந்தது. அந்த அலகில் மனித உடலில் 34 வரவே வராது. அது லீற்றருக்கு 34 கிராம், அதாவது 3.4. திருத்தித் தரும்படி கேட்டதற்கு, கவுண்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, “கொம்பியூட்டர்ல அப்படித்தான் விழும் தம்பி, டொக்டருக்கு விளங்கும்” என்றார். டொக்டருக்கு விளங்கியது உண்மைதான். ஆனால் அலகு பிழையான தாளைக் கிளினிக் கொப்பியில் ஒட்ட மாட்டேன் என்று தாதி திருப்பி அனுப்பிவிட்டார். பஸ் காசும் போய், மாமாவின் இருமலும் கூடியதுதான் மிச்சம். மறுமுறை, திருத்திய தாளில் கையொப்பமும் முத்திரையும் விழும்வரை நான் கவுண்டரை விட்டு நகரவில்லை.

அத்தோடும் முடியவில்லை. அந்த இரத்தம் எடுக்கும்போது மாமா டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் குளிசை குடித்துக்கொண்டிருந்தார். வேறோர் இடத்தில் மூச்சுத் திணறலுக்காகக் கொடுத்தது. ஸ்டீரொயிட் நியூட்ரோபிலை ஏற்றி லிம்போசைட்டை இறக்கிவிடும் என்பதால், 9,100க்கு 700 என்று விகிதம் 13 ஆகக் காட்டியது. மருந்து நின்று சில காலம் சென்றபின் எடுத்ததில் 4,800க்கு 1,200, விகிதம் 4. காய்ச்சலோ சளித்தொற்றோ இருந்தாலும் இதே குழப்பம் வரும். ஆகவே இரத்தம் கொடுக்குமுன் குடிக்கும் குளிசைகள் அனைத்தையும் சொல்லிவிடுங்கள், எவ்.பி.சி. (இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை), அல்புமின், சி.ஆர்.பி. (உடலில் அழற்சியைக் காட்டும் புரதம்) மூன்றையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுப்பியுங்கள். சி.ஆர்.பி. லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும் அல்புமின் 35 கிராமுக்குக் கீழும் இருந்தால், இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கிளாஸ்கோ மதிப்பெண்ணில் அதுவே மோசமான படி.

இதற்கிடையில் மாமி, அல்புமினைக் கூட்டுவதாக நாளுக்கு மூன்று முட்டை அவித்து வைக்கத் தொடங்கியிருந்தார். உணவு வேண்டியதுதான், ஆனால் அல்புமினின் அரைவாழ்வு ஏறத்தாழ 20 நாட்கள், உடலில் அழற்சி இருக்கும்வரை ஈரல் அதைக் குறைவாகவே ஆக்கும் என்பதால், ஒரு கிழமை முட்டையில் எண் ஏறாது.

சுட்டெண் கடைசியில் 40 என்று வந்தது. “மனே, அப்ப எனக்கு எத்தனை மாசம்?” என்று மாமா என்னைக் கேட்டார். டொக்டரே பதில் சொன்னார்: பல நோயாளரைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் இந்த எண் பேசும், ஒருவருடைய மாதங்களை இதைக்கொண்டு எண்ண முடியாது. பிறகு போசணை ஆலோசகருக்கு ஒரு துண்டு எழுதித் தந்து, அடுத்த இரத்தத்தை மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்துவரும்படி கூறினார்.