மடியை விட்டுப் போகிற மகன்: பிளாரன்ஸ் சாந்தா ஃபெலிசித்தா தரிசனம்

வியாகுல மாதாவுக்கு நேர்ந்துகொண்டு இத்தாலி போகிறவர்கள் ரோமோடு திரும்பிவிட வேண்டாம். பிளாரன்ஸுக்கு அரை நாள் ஒதுக்குங்கள்: அங்கே சாந்தா ஃபெலிசித்தா கோயிலில், ஆண்டவரின் உடலை மாதாவின் மடியிலிருந்து எடுத்துப்போவதைப் பொந்தோர்மோ என்ற பதினாறாம் நூற்றாண்டு ஓவியர் வரைந்த படம் இருக்கிறது. பொன்தே வெக்கியோ பாலத்தைத் தாண்டுவதுதான் பெரும்பாடு: நகைக்கடைக் கூட்டம், நடுவழியில் செல்ஃபி, ஜேப்படி பயம் வேறு. பாலம் இறங்கி பித்தி அரண்மனைப் பக்கம் இரண்டு நிமிடம் நடந்தால் இடது கையில் ஒரு சின்னச் சதுக்கம், அதில் கோயில். வரிசையில் நிற்காமல் மியூசியத்துக்குள் விடுகிறேன் என்று பின்னாலேயே வரும் தரகர்கள் இந்தக் கோயிலைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். இங்கே அவர்களுக்கு வரும்படி இல்லையே.

மதியம் அடைத்துவிடுவார்கள், காலையிலேயே போங்கள். சில்லறை யூரோ கையில் இருக்கட்டும். இத்தாலியக் கோயில்களில் காசு போட்டால்தான் பல படங்களுக்கு விளக்கு எரியும்.

நுழைந்ததும் வலப்பக்க முதல் சிற்றாலயம். கட்டியவர் பிளாரன்ஸ் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி. 1525-ல் லொதோவிக்கோ கப்போனி என்ற செல்வந்தர் இதை வாங்கிப் பொந்தோர்மோவிடம் ஒப்படைத்தார். ஓவியர் மூன்று வருஷம் அடைத்துவைத்து, பணம் கொடுத்தவரைக்கூட எட்டிப்பார்க்க விடவில்லை என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி சொல்கிறார். பீடத்துக்கு மேலே 313 செ.மீ. உயரம், 192 செ.மீ. அகலத்தில் மரப்பலகையில் வரைந்த அந்தப் படம்.

கம்பிக் கதவுக்கு நேர் நடுவில் நின்று ஃபிளாஷ் அடித்தால் பளபளப்புதான் மிஞ்சும். சற்றுத் தள்ளி நின்று கீழிருந்து பாருங்கள். ஒரு வாலிபன் குந்தியிருக்கிறான். தோளில் ஆண்டவரின் கால்கள். அவன் பாதத்தைக் கவனியுங்கள். முன்விரல்களில் மட்டும் நிற்கிறான்! ஒரு ஆளின் பாரத்தை அப்படித் தூக்க முடியாது. ஓவியருக்கு உடற்கூறு தெரியவில்லை என்று நினைத்தால் அங்கேயே தவறிவிடுவோம். சுமப்பவன் முகத்தில் கலக்கம் இருக்கிறது, சுமையில் எடை இல்லை. சிலுவையைத் தேடாதீர்கள், ஏணியும் கிடையாது. மேலே ஒற்றை மேகம், கீழே துண்டு நிலம், இடையில் பதினொரு பேர். எந்தக் கை யாருடையது என்று தடவித் தடவித்தான் பிடிபடும். 1521-ல் ரோஸ்ஸோ என்ற ஓவியர் வோல்தெரா ஊருக்கு வரைந்த, ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கும் படத்தில் சிலுவையும் ஏணிகளும் உண்டு. அங்கே துக்கம் அலறுகிறது, இங்கே திகைத்து நிற்கிறது.

நிறம் மயில்கழுத்துப் பட்டு மாதிரி. நிழல் விழும் இடத்தில் கறுப்பைக் கலக்காமல் வேறொரு நிறத்தையே வைத்திருக்கிறார். இளஞ்சிவப்பும் நீலமும் பெரிய வெள்ளிக்கு ஒவ்வாதவை என்று முதலில் தோன்றும். கண் பழகட்டும்.

பிறகு மாதாவிடம் வாருங்கள். நீல உடையில், மயங்கிச் சாயும் நிலையில், மகனை நோக்கி ஒரு கை நீண்டிருக்கிறது. மடிக்கும் உடலுக்கும் நடுவே வெறும் இடைவெளி. இப்போதுதான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கே? கல்லறையும் படத்தில் இல்லை. படத்தின் கீழே இருப்பது பீடம். குருவானவர் அப்பத்தை உயர்த்துகிற இடம். அம்மா, உம் மடியிலிருந்து எடுத்துத்தானே எங்களுக்குக் கொடுத்தார்கள்! வாங்கிக்கொள்ள நாங்கள் யார்? ஸ்தோத்திரம், தாயே, ஆயிரம் ஸ்தோத்திரம்.

சிற்றாலயக் கூரைக்குக் கீழே, மூலைகளில் உள்ள கவிகை முக்கோணங்களில் நான்கு நற்செய்தியாளர்களும் உண்டு. பொந்தோர்மோவின் சீடர் புரோன்சினோவும் கை கொடுத்த வேலை. அதெல்லாம் நேரமிருந்தால். ஆனால் ஜன்னல் சுவரில் உள்ள மங்களவார்த்தைச் சித்திரத்தைத் தவறவிடாதீர்கள். கபிரியேல் சம்மனசின் குரல் கேட்டு, படியேறப் போன கன்னிப்பெண் அப்படியே திரும்பிப் பார்க்கிறாள். பக்கத்துச் சுவரில் நடக்கப்போவது அவளுக்கு இன்னும் தெரியாது.