நேசமணிக்குப் பொழிப்புரை

செய்தி டெஸ்க்கில் மீம் என்பது காலை ட்ரெண்டிங் பட்டியலில் ஒரு வரி. அதை வைத்து மாலைக்குள் மூன்று உருப்படி தேற்ற வேண்டும்: வெப்சைட்டுக்கு 300 சொல்லில் ஒரு கட்டுரை, யூடியூபுக்கு ஒன்றரை நிமிட வீடியோ, டிவிக்கு முப்பது நொடி பேக்கேஜ். தலைப்பு மூன்றுக்கும் ஒன்றுதான். 'யார் இந்த...?' இல்லாவிட்டால் 'ட்ரெண்டாகும்... பின்னணி என்ன?' கட்டுரையின் முதல் பத்தி முன்னாலேயே தயார். உயிரியல் அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் ஒரு கிரேக்கச் சொல்லை 'ஜீன்' என்பதோடு ஓசை ஒத்துப்போகச் சுருக்கி 'மீம்' என்று பெயர் வைத்தார் என்று ஆரம்பிக்கும். தகவல் சரிதான். ராயபுரம் டீக்கடை பெஞ்சில் போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறவனுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. 300 சொல்லில் ஒரு நாற்பது சொல் நிரம்பும், அவ்வளவுதான்.

அந்தப் பத்தி தண்டம், ஆனால் கெடுதல் இல்லை. கெடுதல் இரண்டாவது பத்தியில் ஆரம்பிக்கிறது.

நேசமணியை எடுத்துக்கொள்வோம். 2019 மே கடைசி வாரம். பாகிஸ்தானிலிருந்து நடக்கும் ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்கிறது. நம்ம ஊர்க்காரர் ஒருவர் பதில் போடுகிறார்: இதன் பெயர் சுத்தியல், அடித்தால் 'டங் டங்' என்று சத்தம் வரும், ஜமீன் பங்களாவில் பெயின்டிங் கான்ட்ராக்டர் நேசமணியின் தலையை அவருடைய அண்ணன் மகன் இதால்தான் உடைத்துவிட்டான், பாவம். அதற்குக் கீழே இன்னொருவர் வந்து, இப்போது அவர் நலமா என்று விசாரிக்கிறார். பிறகு மே 30. தில்லியில் பிரதமர் பதவியேற்பு; ட்விட்டரில் நேசமணிக்காகப் பிரார்த்தனை.

இதில் சிரிப்பு எங்கே இருக்கிறது என்று வரிவரியாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். படத்தில் இல்லை. வடிவேலுவிடம்கூட முழுசாக இல்லை. கேட்டவருக்கு விஷயம் தெரியாது. சொன்னவர் முகத்தில் சிரிப்பைக் காட்டவில்லை. மூன்றாவதாக வந்தவரும் பதறினாரே தவிரக் கண்ணடிக்கவில்லை. ஆட்டத்துக்கு ஒரே விதிதான்: நேசமணி நிஜ ஆள், தலையில் அடிபட்டுக் கிடக்கிறார். அந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டே ஒருவர் மருத்துவ அறிக்கை விடுவார், இன்னொருவர் அந்த அண்ணன் மகன் கிருஷ்ணமூர்த்தியைக் கைது செய்யச் சொல்வார். விதியை மீறுகிறவன் ஆட்டத்தைக் கெடுக்கிறான்.

நம் கட்டுரையின் இரண்டாவது பத்தி எப்படித் தொடங்கும்? 'நேசமணி என்பவர் 2001-இல் வெளியான ஃப்ரெண்ட்ஸ் திரைப்படத்தில் வடிவேலு ஏற்று நடித்த கதாபாத்திரம்.' முடிந்தது. கூத்தில் துரியோதனன் திரையை விலக்கிக்கொண்டு வரும்போதே, இவர் இன்னார், பகலில் செங்கல் சூளையில் வேலை என்று மைக்கில் அறிவித்த மாதிரி. ஒரு வரியும் பொய்யில்லை. உண்மையை எந்த இடத்தில் சொல்கிறோம் என்பதுதான் கோளாறு.

இன்னொரு சின்ன விஷயம். ட்ரெண்டான ஹேஷ்டேகில் நேசமணி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளுக்கு நடுவில் ஒரு 'ஏ' கூடுதலாக விழுந்திருந்தது. அவசரத்தில் அடித்த எழுத்துப்பிழை, அப்படியே ஊர் சுற்றியது. சப் எடிட்டரின் கை சும்மா இருக்குமா? திருத்தும். திருத்திய எழுத்தில் தேடினால் அசல் கூட்டம் கிடைக்காது. மீமில் எழுத்துப்பிழையும் முகவரியின் ஒரு பகுதி. தொடக்கூடாது.

அதே படத்தில்தான் 'தேவையில்லாத ஆணி' வருகிறது. ஆபீஸ் வேலைக்கு 'ஆணி' என்று பெயர் வந்தது அதிலிருந்து. 'இன்னிக்கு ஆணி ஜாஸ்தி மச்சி' என்று சொல்லுகிற பையன்களில் பாதிப் பேர் படத்தை முழுசாகப் பார்த்ததுகூட இல்லை. யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை, கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்டது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது என் எண்ணம்.

டிவிக்குப் போகும்போது இன்னொரு சேதாரம், இது வெறும் அளவுக் கணக்கு. போனில் மீம் பெரும்பாலும் சதுரம், 1080-க்கு 1080 பிக்சல். டிவி ஃப்ரேம் 1920-க்கு 1080. நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் 420, 420 காலி. அதில் அதே படத்தைப் பெரிதாக்கி, மங்கலாக்கிப் பரப்புவார்கள். கீழே தலைப்புப் பட்டை, அதற்கும் கீழே ஸ்க்ரோல், இரண்டும் சேர்ந்து திரையில் கால்வாசியைத் தின்றுவிடும். தமிழ் மீமில் வெடி பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில், அடி வரியில் இருக்கும். அந்த வரி நேராகத் தங்கம் விலை ஓடுகிற ஸ்க்ரோலுக்கு அடியில் போய்விடும். சரி, 800-க்குச் சுருக்கலாம் என்றால் எழுத்தில் புள்ளியும் சுழியும் நசுங்கும். படிக்க முடியாது. உடனே வாய்ஸ் ஓவரில் வாசித்துவிடலாம் என்று முடிவாகும். போனில் முதலில் முகம், பிறகு வரி, ஒரு நொடியில் வேலை முடிகிறது. வாசிப்பில் வரி முதலில் வந்து ஆறேழு நொடி நீளும், முகம் எப்போது வந்தது என்றே தெரியாது. போதாக்குறைக்கு, மூலையில் இருந்த பக்கத்தின் பெயர் க்ராப்பில் போய், 'நன்றி: சமூக வலைதளம்' ஆகும்.

இதற்கு மருந்து பெரிய விஷயமில்லை. கேள்வி, பதில், பதிலுக்குப் பதில் என்று மூன்று ஸ்க்ரீன்ஷாட்டை அதே வரிசையில், ஒவ்வொன்றும் மூன்று நான்கு நொடி, வாய்ஸ் இல்லாமல், பட்டை இல்லாமல் ஓடவிட வேண்டும். முப்பது நொடிப் பேக்கேஜில் பன்னிரண்டு நொடி மௌனம். ஒத்துக்கொள்ள வைப்பதுதான் கஷ்டம். மௌனம் என்றால் ஆடியோ போய்விட்டது என்று ஒளிபரப்பை இயக்கும் பி.சி.ஆர் அறையிலிருந்து கத்துவார்கள்.

வட சென்னைச் சொல் மீமில் வந்துவிட்டால் கதை வேறு மாதிரி போகும். 'சம்பவம்' என்ற சொல்லைப் பாருங்கள். 'சம்பவ இடத்துக்கு விரைந்து வந்த போலீசார்' என்று தினம் எத்தனை தடவை எழுதுகிறோம். அந்தக் கனமான சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒருத்தன் இரண்டு பிளேட் பிரியாணியைக் காலி பண்ணினதற்கு 'தரமான சம்பவம்' என்று போடுகிறார்கள். வியாசர்பாடியில் கேரம் போர்டில் ரெட் காயைப் போட்டு, ஃபாலோவாக அடுத்த காயையும் போட்டு எழுந்தவனுக்கு 'சம்பவம் பண்ட்டான்பா'. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண். அவரைப் பற்றிச் 'சம்பவம்' என்று சொன்னால் எங்கள் பக்கம் அது பாராட்டு. சொல்லின் பகட்டுக்கும் விஷயத்தின் சிறுமைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் சிரிப்பு. யாரைப் பார்த்துச் சிரிப்பு? கொஞ்சம் செய்தி வாசிக்கும் நம்மைப் பார்த்தும்தான்.

அதற்கு வரும் விளக்கம்: 'வட சென்னையில் ரவுடிகள் மத்தியில் புழங்கும் சொல்.' விஷுவல்ஸுக்குக் காசிமேட்டுப் படகு, ஒரு பாக்சிங் க்ளவுஸ், பின்னால் கானா. நம்மைக் கிண்டல் செய்த சொல்லை வாங்கி, கிண்டல் செய்தவன் தலையிலேயே கேஸாகப் போடுகிற வேலை. அந்தப் பகுதி ஆளிடம் பைட், அதாவது கேமரா முன் ஒரு வரிக் கருத்து, எடுக்கப் போனால் கேட்பது ஒரே கேள்வி, 'இதுக்கு என்னண்ணா அர்த்தம்?' அவர் உண்மையைச் சொல்வார்: 'அர்த்தம்லாம் இன்னாபா, சும்மா சொல்றதுதான்.' அது எடிட்டில் போய்விடும். பக்கத்தில் நிற்கிற பையனிடம், 'ஒரு வாட்டி கெத்தா சொல்லு தம்பி' என்று வாங்கியது ஒளிபரப்பாகும். 'பேஜார்' பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்தது என்று சொல்கிற விளக்கம் இதைவிட எவ்வளவோ மேல். அது யாரையும் குத்தவில்லை.

விளக்கவே கூடாதா என்றால் அப்படியில்லை. மீமை நிஜச் செய்தி என்று நம்பி ஜனங்கள் பதறினால் விளக்கத்தான் வேண்டும், கேள்வி, பதில், பதிலுக்குப் பதில் மூன்றும் முடிந்த பிறகு நான்காவது வரியில். மறைவாக வெறுப்பைக் கடத்தும் மீம் என்றால் முதல் வரியிலேயே உடைக்கலாம். அமெரிக்கக் கார்ட்டூனிஸ்ட் மேட் ஃப்யூரி 2005-இல் வரைந்த 'பெப்பே' தவளை சாதுவான காமிக்ஸ் பாத்திரம்தான். இனவெறிக் கும்பல்கள் அதைக் கையில் எடுத்த பிறகு, 2016-இல் வெறுப்புப் பிரச்சாரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அமைப்பான ஆன்டி டிஃபமேஷன் லீக் அதை வெறுப்புச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எல்லாத் தவளையும் அந்த வகையல்ல என்றும் சேர்த்தே சொன்னது. அங்கே ரகசியம்தான் ஆயுதம், உடைத்தால் நல்லது. பிரியாணி மீமில் உடைக்க என்ன இருக்கிறது?

மழைக்கால மீம்தான் எனக்கு அதிகம் உறுத்துவது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றதும் அந்தப் படத்தில் 'நீச்சல் குளம் ரெடி, அனுமதி இலவசம்' என்ற மாதிரி ஒன்று வரும். அது நகைச்சுவை இல்லை, மனு. மனு கொடுத்துக் கொடுத்து அலுத்தவன் எழுதுகிற மனு. டெஸ்க்கில் அது 'கொட்டும் மழையிலும் குறையாத நக்கல், நெட்டிசன்கள் கலகல' என்று வெளியே போகும். யார் இந்த நெட்டிசன்கள்? பேண்ட்டை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, ஒரு கையில் செருப்பும் மறு கையில் போனுமாக நிற்கிறவர்தான். வயிற்றெரிச்சலை எடுத்துவிட்டுச் சிரிப்பை மட்டும் வைத்திருக்கிறோம். சேர்க்க வேண்டியது வேறு: தண்ணீர் எந்த நாளிலிருந்து நிற்கிறது, மோட்டார் எத்தனை ஓடுகிறது, அதில் எத்தனை ரிப்பேர், புளியந்தோப்புப் பக்கம் போக எவ்வளவு சுற்ற வேண்டும், ஷேர் ஆட்டோவில் எவ்வளவு கூடக் கேட்கிறார்கள். சுரங்கப்பாதை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் ஐந்துக்கும் பதில் கிடைக்கும். மேலே மீமை ஒட்டி, கீழே இந்த ஐந்து வரி. 'கலகல' வேண்டாம்.