காற்று என்றுதான் சொன்னா

செவிப்புலன் ஆய்வுக்குழுவில் சேர்ந்த முதல் வாரம் எனக்குக் கிடைத்த வேலை ரயில் நேரம் குறிப்பது. முதியவர்களைச் சோதிக்கக் கொழும்பு வெள்ளவத்தையில் எடுத்திருந்த அறை கடற்கரைத் தண்டவாளத்துக்குக் கிட்ட இருந்தது. காலி நகருக்குப் போகும் வீதியின் பஸ் ஹோர்னை ஒலிதடுப்புக் கூண்டு ஓரளவு மறித்துவிடும். ரயிலின் அடித்தொண்டை உறுமல் மட்டும் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். அது கடக்கும்வரை 250 ஹேர்ட்ஸ் போன்ற தாழ்ந்த சுருதி ஒலிகள் பக்கம் போகவே முடியாது.

சோதனை என்னவோ எளிதுதான். 1000 ஹேர்ட்ஸில் தொடங்குவோம். கேட்டால் சத்தத்தை 10 டெசிபெல் குறைப்போம், கேட்காவிட்டால் 5 கூட்டுவோம். “மெல்லிசாக் கேட்டாலும் பட்டனை அமத்துங்கோ” என்று எத்தனை தரம் சொன்னாலும், பிழையாகிவிடுமோ என்று பலர் அமத்த மாட்டார்கள். காது 30 டெசிபெல்லில் கேட்டிருக்கும், மனம் 40 வரும்வரை காத்திருக்கும்.

எழுபது கடந்த ஓர் அம்மா வந்தா. யாழ்ப்பாணத்துக்காரி, இங்கே மகளோடு இருப்பவ. ஹெட்போன் தோட்டில் அமத்துகிறது என்று இரண்டையும் கழற்றி, சேலைத் தலைப்பில் முடிந்து, முடிச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனா. 2000 ஹேர்ட்ஸ் வரை நன்றாகக் கேட்டது, 4000இல் கேட்கும் திறன் இறங்கியது. அந்த வயதில் வழக்கமானதுதான்.

அப்புறம் சொற்சோதனை. பதிவில் வரும் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்களிடம் இருந்தது தமிழ்நாட்டுப் பெண் ஒருவரின் குரல். விடை குறித்தவர் சிங்கள நண்பர். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர், என்னைவிட இலக்கணம் தெரிந்தவர். காற்று, நேற்று, வெற்றி மூன்றும் பிழை என்று குறித்திருந்தார். சரிபார்க்க வேண்டியவள் நான். அம்மா திருப்பிச் சொன்னதன் ஒலிப்பதிவைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து வேறெதற்கோ அந்தப் பதிவைப் போட்டபோது தூக்கிவாரிப்போட்டது. அம்மா காற்று என்றுதான் சொல்லியிருந்தா, எங்கள் ஊர் வாயால். சென்னைக் குரலில் ‘ற்ற’வுக்குள் ஒரு ‘ர’ உருளும். எங்களுக்கு அந்த ‘ர’வே கிடையாது, நாக்கு நுனி மேற்பல் ஈறில் பட்டு விலகும், அவ்வளவுதான். ‘ட்ட’ என்றால் நாக்கு இன்னும் பின்னால் வளையும். ‘ர’வை எதிர்பார்த்திருந்த நண்பரின் தாளில் ‘காட்டு’ என்று எழுதியிருந்தது. அந்தச் சென்னைக் குரல் சொன்னதை அம்மா எங்கள் ‘ற்ற’வாக மாற்றியும் கொடுத்திருக்கிறா. அதற்கு நாங்கள் சுழியம் போட்டோம்.

எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்டோம். கண் எரிந்ததுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது, நிறையப் புள்ளிகள் மாறின. புதுப் பதிவு வேண்டும் என்பதில் சண்டை இல்லை. யார் குரலில் என்பதில்தான். யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, கொழும்பு முஸ்லிம் வீட்டுத் தமிழா? பழத்தில் ‘ழ’ வர வேண்டுமா, ‘ள’ போதுமா? மூன்று கூட்டம், நிறைய பிளேன்டீ. இன்னும் முடிவில்லை.

அந்த அம்மாவை மறுபடி கூப்பிட்டோம். தோட்டைக் கழற்றி முடிந்தபடி கூண்டை எட்டிப் பார்த்துக் கேட்டா: “பிள்ளை, அந்த இந்தியாக்காரப் பொம்பிளை இன்னும் உள்ளுக்குத்தான் இருக்கிறாவோ?”