சாவி வாட்ச் ஓடுதுன்னு சர்வீஸை தள்ளிப்போடாதீங்க
நம்ம வேலூர் பக்கம் இன்னும் நிறைய வீட்டு பீரோவுல அப்பா, தாத்தா கட்டுன எச்எம்டி ஜனதா வாட்ச் இருக்கு. எடுத்து சாவி குடுத்தா ஓடுது, சரி ஓடுதேன்னு அப்படியே தினமும் கட்டிக்கிறாங்க, அங்கதான் பிரச்சனையே, உள்ள ஆயில் எப்பவோ காஞ்சி பிசுக்காயிருக்கும், அதோட ஓடுனா சக்கரத்தோட அச்சு தேய ஆரம்பிச்சிடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

பொதுவா நாலஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா சர்வீஸ் குடுக்கணும். நடுவுல தினம் நிமிஷக்கணக்குல ஸ்லோவாச்சுன்னா, ஃபுல் சாவி குடுத்தும் ஒரு நாள் தாங்கலன்னா அப்பவே குடுத்துடுங்க. கண்ணாடிக்குள்ள ஆவி பூத்தா மறுநாள் வரைக்கும் கூட வைக்காதீங்க, துரு ஏறிடும். நம்ம ஊரு கத்திரி வெயில் வேர்வைக்கு பழைய வாட்ச்சோட கேஸ், அதாவது வெளிக்கூடு, தாங்காது. திடீர்னு ரொம்ப ஃபாஸ்ட்டா ஓடுனா பெரும்பாலும் ஸ்பீக்கர், போன் கவர் காந்தம் ஏறியிருக்கும், அதை எடுக்குறது சின்ன வேலைதான்.

குடுக்குறப்போ "முழுசா கழட்டி கழுவுவீங்களாண்ணே"ன்னு கேளுங்க. லாங் பஜார் பக்கம் ஒரு பெரியவரு கண்ணுல லென்ஸ் மாட்டிகிட்டு, ஊசி முனையில துளியூண்டு ஆயில் தொட்டு, சக்கரத்தோட அச்சு சுத்துற குட்டிக் கல்லுல வைக்கிறத பக்கத்துல நின்னு பாத்தேன், மூச்சு கூட விடல மனுஷன், அதுதாங்க சர்வீஸ். பின்மூடிய திறந்து பெட்ரோல் ஊத்தி ஆட்டிக் குடுக்குறது சர்வீஸே இல்ல.

எச்எம்டி வாட்ச் கம்பெனிய மூட 2016லயே முடிவாயிடுச்சு, அதனால ஒரிஜினல் பார்ட்டுக்கு மவுசு ஜாஸ்தி, எதை மாத்துனாலும் கழட்டுன பழைய பார்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க.