எக்ஸ்ரே ஃபிலிமும் ஒரு டார்ச்சும்: என்னை நானே எடுத்த படங்கள்

மார்கழியில் ஆரம்பித்த வேலை. என்னை நானே படம் எடுக்க வேண்டும். ஆனால் பார்ப்பவர் முகத்தைப் பார்த்து "ஓ, இவளா" என்று முடித்துவிடக் கூடாது. பொருளையும் வெளிச்சத்தையும் இடத்தையும் வைத்து ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறியீட்டுச் சுயபடம் என்று இதற்குப் பெரிய பெயர் உண்டு. அம்மா வைத்த பெயர் "தனியா நின்னு போட்டோ புடிச்சுக்கிறது".

கையில் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிரர்லெஸ் கேமரா, 35 மி.மீ. லென்ஸ், கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ஒருவர் கழித்துக்கட்டிய ட்ரைபாட். ட்ரைபாடின் ஒரு கால் மட்டும் அவ்வப்போது உள்ளே இறங்கிவிடும். அதற்குத் துணி காயப்போடும் கிளிப் போதும்.

ஊட்டியில் இருப்பவர்களுக்குக் குறியீட்டுக்குப் பஞ்சமில்லை, அதுதான் தொல்லை. தேயிலைக் கொழுந்து, மலை ரயில், யூகலிப்டஸ் மரம், தோடர் எம்பிராய்டரி சால்வை என்று தொடக்கத்தில் எடுத்ததெல்லாம் நன்றாகவே வந்தன, காலண்டருக்குக் கொடுக்கலாம். ஆனால் நான் கொழுந்து பறித்தவள் இல்லை. மலை ரயிலில் கடைசியாக எப்போது ஏறினேன் என்று யோசித்தால்தான் தெரியும். தோடர் சால்வை தோடர்களுடையது, அதைப் போர்த்திக்கொண்டு "இது நான்" என்று நின்றால் கூச்சமாக இருக்கிறது. அவற்றை ஒரு ஃபோல்டரில் போட்டு மூடிவிட்டு, என் கை தினமும் தொடுகிற பொருட்கள் என்னென்ன என்று பார்த்தேன்.

நான் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியன். வளர்ந்தது இந்துநகரில். அப்பா ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். ஊரில் எல்லோருக்கும் அது எச்பிஎஃப். 1960-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. கறுப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் இங்கிருந்துதான் போயின. இப்போது நான் படம் எடுப்பது டிஜிட்டலில். பட்டனை அழுத்திய சில நொடிகளில் எலும்பு திரையில் வந்து நிற்கும். அப்பா செய்த ஃபிலிமுக்கு வேலை இல்லாமல் போனது இந்த மாதிரி மெஷின்களால்தான். அவர் செய்த பொருள் ஓய்ந்த இடத்தில் என் சம்பளம் ஆரம்பிக்கிறது. இதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேசாத விஷயம்தான் படத்துக்கு ஆகும் என்று தோன்றியது.

முதலில் நினைத்தது என் டிஎல்டி பேட்ஜ். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவர்கள் நெஞ்சில் குத்திக்கொள்வது. எங்கள் உடம்பு எவ்வளவு கதிர் வாங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்க அனுப்புவார்கள். என்னைப் பற்றி என்னைவிட அதற்குத்தான் அதிகம் தெரியும். ஆனால் அதை வேலையிடத்தைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது. சரி, பேட்ஜ் இல்லாமலே, வேலைக்கு நான் போடும் வெள்ளைக் கோட்டை மட்டும் க்ளோசப்பில் எடுத்தேன். பேட்ஜ் கிளிப் கடித்துக் கடித்து இடது பாக்கெட்டுக்கு மேலே துணி பஞ்சுபோல ஆகியிருக்கிறது, நடுவே இரண்டு பொடி ஓட்டைகள். பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த இடம் தனியாக எழுந்து நிற்கிறது. இந்தத் தொகுப்பில் நிலைத்த முதல் படம் அதுதான்.

அடுத்தது ஒரு பழைய எக்ஸ்ரே. பள்ளியில் படிக்கும்போது இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன், அந்த ஃபிலிம் பீரோவில் பிரவுன் கவரில் இருந்தது. அப்பா மூலையை விரலால் தேய்த்துப் பார்த்து "நம்ம ஃபிலிம்தான்" என்றார். தொட்டே எப்படித் தெரியும் என்று கேட்டால் பதில் இல்லை. ஜன்னலில் ஒட்டி, பக்கத்தில் நின்று எடுத்ததில் படம் முழுக்க நீலம் ஏறியது. எக்ஸ்ரே ஃபிலிமின் அடித்தாளே இளநீலம். கறுப்பு வெள்ளைக்கு மாற்றினால் அந்தக் கவலை இல்லை. ஆனால் நான் ஃபிலிமுக்குக் காவல் நிற்பவள் மாதிரி இருந்தேன்.

வழி காட்டியது தை மாத வெயில். காலை எட்டு, எட்டரைக்கு இங்கே அடிக்கும் வெயில் கத்தி மாதிரி இருக்கும். ஃபிலிமைக் கன்னத்துக்கு நாலு விரல் தூரத்தில் பிடித்தபோது, ஓரத்தில் இருந்த 'எல்' என்ற எழுத்து வெளிச்சமாக என் கன்னத்தில் விழுந்தது. இடது பக்கம் என்று காட்ட நாங்கள் வைக்கும் ஈய எழுத்து அது. ஈயம் கதிரைத் தடுப்பதால் அந்த இடத்தில் ஃபிலிம் கறுக்காது, தெளிவாகவே நின்றுவிடும். எனவே வெயில் அதன் வழியாகத்தான் அதிகம் வரும். ஃபிலிமைப் படிக்கும் பக்கம் வெயிலைப் பார்த்து இருந்தால் எழுத்து நேராக விழும், திருப்பினால் கண்ணாடியில் தெரிவதுபோல் விழும். ஃபிலிம் தள்ளிப் போகப் போக எழுத்தின் ஓரம் மசங்கும். கேமராவைச் சற்றுப் பக்கத்தில் வைத்து, அந்த எழுத்தின்மேல் மட்டும் வெளிச்சம் அளக்கும் ஸ்பாட் மீட்டரை வைத்தேன்; மீதி முகம் தானாக இருட்டுக்குள் போய்விட்டது. தினமும் யாராரோ எலும்புக்குப் பக்கத்தில் நான் வைக்கிற எழுத்து, வேறொருவர் என் எலும்புக்கு வைத்தது. முகத்தில் கால்வாசிதான் தெரிகிறது, போதும்.

இப்படி நடிக்கலாமா என்று ஒரு தோழி கேட்டாள். நடிப்பு இந்தக் கலையில் முதலிலிருந்தே இருக்கிறது. 1840-லேயே பிரான்ஸில் இப்போலித் பயார் என்பவர் நீரில் மூழ்கிச் செத்தவராகத் தன்னைப் படம் எடுத்திருக்கிறார். காகிதத்தில் நேராகப் படம் வரவழைக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் அவர். பெயரும் அரசாங்கப் பென்ஷனும், அதே காலத்தில் வேறொரு முறையைக் கண்டுபிடித்த தாகேருக்குப் போய்விட்டன. அந்த வயிற்றெரிச்சலைத்தான் படமாக்கினார். சட்டையில்லாமல் கண்ணை மூடிச் சாய்ந்திருப்பார், பக்கத்தில் ஒரு பெரிய வைக்கோல் தொப்பி. வெயிலில் கறுத்த முகமும் கையும் படத்தில் இருட்டாக வந்ததை, அழுக ஆரம்பித்துவிட்டது என்று பின்பக்கம் எழுதிவைத்தார். மனுஷன் சாகவில்லை, ஆனால் அதில் பொய் எது என்று சொல்வது கஷ்டம்.

நடுவில் பனிமூட்டத்திலும் கொஞ்சம் முயன்றேன். மூட்டத்தைக் கேமரா தன் கணக்குக்குச் சாம்பலாக்கிவிடும், ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வைத்தால்தான் வெள்ளை வெள்ளையாக நிற்கும். கொடைக்கானல் கோக்கர்ஸ் வாக்கில் முதுகுப் பக்கம் வெயிலும் எதிரே கீழே மேகமும் அமைந்தால் நம் நிழல் வண்ண வளையத்தோடு மேகத்தில் விழுமாம். அதுவே இயற்கை எடுத்துத் தரும் சுயபடம். ஆனால் கொடைக்கானல் வரைக்கும் போய் மேகத்துக்குக் காத்திருக்க லீவு கிடைக்காது.

அப்புறம் இந்து ரோல். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் பிரிக்காத ஒன்று கிடைத்தது. பழைய ஃபிலிமுக்குப் பத்து வருஷத்துக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடு என்று வழக்கமாகச் சொல்வார்கள். கணக்குப் பார்த்து, மாமாவின் பழைய கேமராவில் போட்டு, வாசல் வெயிலில் கோட்டோடு உட்கார்ந்தேன். கழுவுவது வீட்டில்தான். கெமிக்கல் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். கீழே இருப்பவர்கள் அதற்கு ஐஸ் தேடுவார்கள், இங்கே குழாய்த் தண்ணீரே விறைக்கும் என்பதால் கெட்டிலில் வெந்நீர் போட்டுக் கலக்க வேண்டியிருந்தது.

ஃபிலிமை ரீலில் ஏற்றுவது முழு இருட்டில் செய்யும் வேலை. நான் கம்பளிக்குள் கையை விட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அப்பா "கொண்டா" என்று வாங்கினார். கம்பளி வேண்டாம், பாத்ரூம் விளக்கை அணை, கதவிடுக்கில் துணி வை என்றார். சர்ரென்று ஒரு சத்தம், சின்ன க்ளிக், முடிந்தது. அவர் இருட்டில் வேலை செய்தவர் என்று எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். அந்த இருட்டில் அவரோடு நின்றது அன்றுதான். ஃபிலிமுக்கு எமல்ஷன், அதாவது வெளிச்சம் பட்டால் மாறும் பூச்சு, பூசும் இடத்தில் பொட்டு வெளிச்சம் இருக்காதாம். ஒரு கை சுவரில், திருப்பம் வந்தால் ஒரு கனைப்பு, எதிரே வருகிறவர் பதிலுக்கு ஒரு கனைப்பு. செருப்புச் சத்தத்தை வைத்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார்களாம்.

ரோலில் வந்தது வயசான ஃபிலிமில் என்ன வருமோ அதுதான். மொத்தமும் புகை படிந்தது போல் சாம்பல், அதற்குள் வெள்ளைக் கோட்டு ஒன்று உட்கார்ந்திருப்பது தெரிகிறது. முகம் இருப்பதாக நம்பலாம். காய்ந்த ஃபிலிமை அப்பா ஓரத்தில் மட்டும் பிடித்து ஜன்னலுக்கு எதிரே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று பார்க்கிறார் போலிருக்கிறது என்று நின்றேன். "கோட்டிங் நல்லாத்தான் இருக்கு. ஒரு கோடுகூட இல்லை" என்றார்.

கடைசிப் படத்துக்கு யோசனை அதிலிருந்துதான். ராத்திரி, ஹாலில் விளக்கெல்லாம் அணைத்து, 30 வினாடி ஷட்டர், எஃப்8, ஐஎஸ்ஓ 100. நாற்காலியில் நான், கோட்டு, கையில் அந்த ரோலின் காலி டப்பா. இருட்டில் ஃபோகஸ் பிடிக்காது என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே நாற்காலியில் தலை வரும் உயரத்துக்குத் துடைப்பத்தைச் சாய்த்துவைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிவிட்டேன். டைமர் பத்து வினாடி. பட்டர் பேப்பர் சுற்றிய டார்ச் அப்பா கையில். அவருக்கு நீலக் கறுப்பு ஸ்வெட்டர், குல்லா. ஷட்டர் திறந்ததும் என்னைச் சுற்றி நடந்தபடி வெளிச்சத்தை என்மேல் மட்டும் போட வேண்டும், டார்ச் கேமராவைப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் படாமல் நடந்துகொண்டே இருக்கும் ஆள் நீண்ட எக்ஸ்போஷரில் பதியமாட்டார். அசையாமல் இருக்கும் நான் பதிவேன். எனக்கும் கேமராவுக்கும் நடுவில் டார்ச்சைக் கீழே அணைத்துப் பிடித்தபடி ஒருமுறை குறுக்கே போனார், அதுகூடத் தெரியவில்லை. திருப்பத்தில் கனைத்தார். பதிலுக்கு நானும் கனைத்தேன். அசையக் கூடாது என்று சொன்னது நான்தான், ஆனால் கனைத்ததில் என் தோள் லேசாக மசங்கியிருக்கிறது. அந்த ஃப்ரேமைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன்.

பார்த்தால் ஒரு பெண், ஒரு கோட்டு, ஒரு டப்பா, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத வெளிச்சம், அவ்வளவுதான். இன்னொருவர் வெளிச்சம் போட்டால் அது சுயபடமா என்று தோழி மறுபடியும் கேட்டாள். நான் யார் என்று காட்ட எடுத்த படத்தில் அவர் இல்லாமல் முடியாது என்றேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை, தட்டில் இருந்த வர்க்கி பிஸ்கட்டை மட்டும் தீர்த்துவிட்டுப் போனாள்.

ஆனியில் மழை பிடித்தால் காலை வெயிலை நம்ப முடியாது, லென்ஸில் பூஞ்சை வராமல் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். அதற்கு முன் நாலு படத்தையும் மேட் பேப்பரில் பிரிண்ட் போடக் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறேன். அப்பாவுக்கு மட்டும் கடைசிப் படத்தில் திருப்தி இல்லை. இடது பக்கம் வெளிச்சம் கம்மியாம், வேகமாகத் திரும்பிவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை எடுக்கலாம், டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிவை என்கிறார்.